துண்டுக்கடியில் மூன்றாவது கை

மழை மறுபடியும் பொய்த்த அந்த வருசம், கம்பங்கதிர் பால் பிடிக்காமலே கருகி, கிணற்றுத் தவளைகள்கூட இடம் பார்த்து வெளியேறிப் போன அந்த வருசம், புங்கந்துறை மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் மூன்றாவதாக ஒரு கை வர ஆரம்பித்தது. முதலில் அதைத் தொட்டவர் எருமை பிடிக்க வந்த வெளியூர் வியாபாரி. கூட்டத்தில் எவனோ கையை நுழைத்துவிட்டான் என்று திட்டிக்கொண்டே துண்டை உதறினார். உதறினால் இரண்டு கைதான் இருந்தது, திரும்பப் போர்த்தினால் மூன்று இருந்தது. அவர் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு எருமையை வாங்கிக்கொண்டுதான் போனார். நல்ல எருமை. கை ஒன்று கூடுதலாக வந்ததற்காக அதை விட்டுவிட்டுப் போக முடியுமா?

அந்தச் சந்தையில் மாட்டு விலையை வாயால் பேசுகிற வழக்கம் கிடையாது. விற்கிற பக்கத்துத் தரகரும் வாங்குகிற ஆளும் கையைக் கோத்துக்கொள்வார்கள், மேலே ஒரு துண்டு விழும், துண்டுக்கடியில் விரல்கள் பேசிக்கொள்ளும். விலைக்கு முன்னால் ஒரு கேள்வி உண்டு. வாங்குகிறவன் கட்டைவிரலால் எதிராளியின் உள்ளங்கையில் ஒரு தரம் கீறுவான். 'குறை இருக்கிறதா' என்று அதற்கு அர்த்தம். இல்லையென்றால் தரகர் கையை மூடிக்கொள்ள வேண்டும், இருக்கிறதென்றால் ஐந்து விரலையும் விரித்துக் காட்ட வேண்டும். வெளியே மாட்டின் பெருமையை வாய் வலிக்கப் பொய்யாகப் பேசலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். துண்டுக்கடியில் பொய் சொன்னவனோ அந்த ஊர்க்காரர்களுக்கு மனுசக் கணக்கிலேயே வரமாட்டான்.

மூன்றாவது கை விலை பேசவில்லை. சில பேரத்தில் இரண்டு கைகளின் மேலும் வந்து இறுக்கிப் பிடித்தது, சில பேரத்தில் தொட்ட மாத்திரத்தில் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. ஊர் அதை வெகு சீக்கிரம் பழகிக்கொண்டது. சந்தையைக் குத்தகைக்கு எடுத்திருந்த பொங்கியண்ணன், கைக்கும் சுங்கம் வாங்கலாமா என்று யோசித்து, யாரிடம் வாங்குவது என்று தெரியாமல் விட்டுவிட்டார். நாவிதர் வந்து துண்டுக்குள் கைவிட்டுப் பார்த்து, நகம் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். யாரோ உள்ளே ஒரு வெற்றிலைச் சுருளை வைத்தார்கள், அது அப்படியே திரும்பி வந்தது. கண்ணாடித் தாளில் துண்டு தைத்துக்கொண்டு வந்த ஒருவனுக்கு மட்டும் கை வரவேயில்லை. அவனை எல்லோரும் சிரித்தே ஊருக்கு அனுப்பினார்கள்.

"கை எப்பிடி இருக்குதுங்கொ?" என்று டீக்கடை வள்ளாத்தா, தொட்டுவிட்டு வந்த ஒவ்வொருவரிடமும் கேட்டாள்.

"ஆம்பளைக் கைதாத்தா. காப்புக் காச்சுக் கெடக்குது. ஆள்காட்டி விரல்ல மேல்கணு இல்ல. கயிறு சுத்தி அறுத்த மாதிரி."

"அது இந்தச் சந்தைல பாதிப் பேருக்கு இல்ல."

"தொட்டுட்டு வந்தா கையெல்லாம் சுக்குநாறிப் புல்லு வாசம் அடிக்குதாத்தா. மலைமேல மொளைக்குமே, அது."

பெஞ்சியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த தரகர் சென்னியப்பன் அப்போதுதான் டீயை வாய்க்குக் கொண்டுபோனார். குடிக்காமல் கீழே வைத்தார். எழுந்து போனவர், மறுநாள் வலது கையில் மணிக்கட்டுவரை வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு வந்தார். காளை மிதித்துவிட்டது என்றார்.

சென்னியப்பனை மிதிக்கிற காளை அந்தப் பிராந்தியத்தில் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். சந்தையில் சாணி அள்ள வந்து, மாட்டுக்குத் தண்ணி காட்டி, கயிறு பிடித்து, அடிபட்டு, ஏமாந்து, ஏமாந்த இடத்திலேயே தொழிலைக் கற்றுக்கொண்டு தரகரான ஆள் அவர். வாயைத் திறந்தால் எதிரே நிற்பவன் அப்பன் பாட்டன் வரைக்கும் எழுந்து வந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் அவர் கை மூடினால் மாட்டில் குறை இல்லை. அதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. அந்த ஒரு கையை வைத்துத்தான் ஓட்டு வீடு கட்டினார், மகளைக் கட்டிக்கொடுத்தார்.

அந்தக் கை ஒரே ஒரு தரம் பொய் சொல்லியிருந்தது. அது ஊருக்குத் தெரியும். தெரிந்துதான் அவருக்கு மாலை போட்டார்கள்.

முன்னால் ஒரு பஞ்சத்தின்போது நடந்தது அது. தீவனம் இல்லாமல் சுத்துப்பட்டு ஊர்களெல்லாம் மாட்டைப் பிடித்துக்கொண்டு சந்தைக்கு வந்து சேர்ந்த நாள், இன்றைக்கு விற்றால் உண்டு, இல்லையென்றால் மாடும் சாகும் மாட்டை நம்பினவனும் சாவான் என்கிற நாள், அந்த நாள் பார்த்துச் சென்னியப்பன் மாடு கட்டுகிற தாவணிக் கயிற்றில் நின்ற ஒரு செவலைப் பசுவுக்குக் கடைவாயில் எச்சில் நூல் நூலாக இறங்கியது. குளம்பிடுக்கைப் பிரித்துப் பார்த்தார். புண். கோமாரி. மாட்டு டாக்டர் வருகிற நேரம். அவர் கண்ணில் பட்டால் சந்தைக்குப் பூட்டு. வள்ளாத்தா கடைக்குப் பின்னால் நாலைந்து பேர் கூடிப் பேசினார்கள். 'சென்னி, எப்பிடியாச்சும் ஓட்டி உட்டுரு, மலைப் பக்கமா' என்று சொன்னது பொங்கியண்ணன். மற்றவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மஞ்சள் தண்ணியில் வாயைக் கழுவி, குளம்பில் சேற்றை அப்பிக்கொண்டிருந்தபோது வெள்ளிங்கிரி வந்தார். கல்லாங்காட்டுத் தொட்டி என்கிற மலைக் கிராமத்திலிருந்து இறங்கி, பால்மாடு தேடி வந்த மனுசன். கை கோத்தார்கள், சுக்குநாறிப் புல் வாசம் அடிக்கிற, ஆள்காட்டி விரலில் மேல்கணு இல்லாத கை. துண்டு விழுந்தது. வெள்ளிங்கிரி கட்டைவிரலால் உள்ளங்கையில் கீறினார். சென்னியப்பன் கையை மூடிக்கொண்டார்.

சந்தை நடந்தது. எல்லா மாடும் விற்றது. அந்த வருசம் எந்த ஊரிலும் பட்டினிச் சாவு இல்லை. கல்லாங்காட்டுத் தொட்டியில் மட்டும் கன்றுக்குட்டிகள் ஒவ்வொன்றாக விழுந்தன, கறவை வற்றியது, ஏர்மாடுகள் முட்டிபோட்டு நடந்தன. வெள்ளிங்கிரி கல்குவாரிக்குக் கூலியாகப் போனார். அங்கே பாறை சரிந்து போய்ச் சேர்ந்தார் என்று பிறகு யாரோ சொன்னார்கள். புங்கந்துறை நல்லபடியாக இருந்தது. சந்தை வாசலில் வளைவு ஒன்று எழுப்பி, திறப்பு நாளில் சென்னியப்பனுக்கு மாலை போட்டு, ஊரைக் காத்த கை என்று மைக்கில் சொன்னார்கள். அன்றிலிருந்து அவர் அந்த வளைவுக்கடியில் நடந்ததில்லை. வேலிச் சந்துக்குள் நுழைந்துதான் சந்தைக்குப் போவார்.

கை வந்த பிறகு சந்தையில் மாட்டைவிடக் கையைப் பற்றிய பேச்சுதான் அதிகம் விலை போனது. மாட்டு பேரத்துக்கு மட்டும் என்றிருந்த கையை ஜனங்கள் எல்லாவற்றுக்கும் கேட்க ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் கை கோத்து, துண்டு போட்டு, செய்த காரியத்தைச் சொன்னால், சரியென்றால் பிடிக்கும், தப்பென்றால் நழுவும். அப்படியென்று ஊர் முடிவு கட்டிக்கொண்டது.

சாகக் கிடந்த மாமியாரிடம், ஓடிப்போன மகன் ரயிலேறிவிட்டான், வந்துகொண்டே இருக்கிறான் என்று பொய் சொல்லி நிம்மதியாக அனுப்பிவைத்த மருமகள் ஒருத்தி கையை நீட்டினாள். இறுக்கிப் பிடித்தது.

"பாத்தீங்களா!" என்றார் பொங்கியண்ணன். "காரியம் எப்பிடி முடிஞ்சுது, எத்தனை பேருக்கு நல்லது ஆச்சு, அது ஒண்ணைத்தான் கை பாக்குது. பொய்யாவது, மெய்யாவது. நெறைஞ்ச வவுத்துக்கு முன்னால அதெல்லாம் என்னத்துக்காகும்?"

சினை பிடிக்காத கிடாரியைச் சினை பிடிக்காது என்றே சொல்லி, வாங்க வந்த ஆளை இழந்து, வெறுங்கையோடு வீட்டுக்குப் போன ஒருவன் கையை நீட்டினான். அவனையும் இறுக்கிப் பிடித்தது.

"இப்ப என்ன சொல்றீங்கொ மாமா?" என்று துள்ளினான் இளந்தரகன் ஒண்டிமுத்து. "அவனுக்கு என்ன லாபம்? அவம்பொண்டாட்டி வெளக்கமாத்தோட நிக்கறா. சொல்லுக்குத்தான் பிடிக்குது. துண்டுக்கடில சொன்னா சொன்னதுதான். ஒலகமே அழிஞ்சாலும் அங்க பொய் சொல்லப்படாது."

"ஒலகம் அழிஞ்ச பொறகு துண்டு எவன்றா போடுவான்?"

கோயிலுக்குப் பசு தானம் கொடுத்து அதற்குப் பேனர் வைத்த ஒரு பெரிய மனிதர் வந்தார். அவர் கையைத் தொட்டதும், எண்ணெய்ச் சட்டியைத் தொட்ட மாதிரி, போய்விட்டது.

"ரெண்டு பேரும் கத்தாதீங்கப்பா" என்றாள் வள்ளாத்தா, டீயை ஆற்றிக்கொண்டே. "பண்ணுனதைப் பாக்கல அது. பண்ணுன ஆளைப் பாக்குது. அந்த மருமவ நல்லவ, பொய் சொன்னாலும் நல்லவ. இந்தாளு பசுவைக் குடுத்தாலும் பசுமாட்டையே பேனரு கட்டற கம்பமாத்தான் பாப்பான். கெரகம், இதுகூடத் தெரியாம சண்டை."

ஆக மூன்று கட்சி ஆனது. டீக்கடையின் மூன்று பெஞ்சியும் மூன்று கட்சிக்குப் பிரிந்தன. பொண்ணு கொடுக்க வந்தவர்கள் முதலில் எந்தப் பெஞ்சி என்று விசாரித்தார்கள். பொங்கியண்ணன் கட்சிக்குள்ளேயே, எதைத்தான் நல்லது என்பது என்று உள்சண்டை கிளம்பியது. வயிறு நிறைவதா? வயிறு நிறைந்து என்ன செய்ய? சந்தோசம். சந்தோசம் எதற்கு? 'அது எதுக்குமில்லடா, அதுக்காகவேதான்' என்று பொங்கியண்ணன் மேசையைத் தட்டினார். அப்போது ஒருவன் வண்டியும் இழுக்காமல், உழவும் நின்று, இரண்டு கண்ணிலும் பூ விழுந்த ஒரு கிழட்டு எருதைக் கொண்டுவந்து, சும்மா, விற்கவும் இல்லாமல் வாங்கவும் இல்லாமல், அதன் கயிற்றைப் பிடித்த கையைத் துண்டுக்குள் விட்டான். கை அப்படியொரு பிடி பிடித்ததாம், விரல் சிவந்துபோய் வெளியே வந்தது. யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லாத எருது. அன்று மூன்று பெஞ்சியும் டீ குடிக்காமல் எழுந்து போயின.

சென்னியப்பன் எந்தப் பெஞ்சியிலும் உட்காரவில்லை. வாய்ச் சண்டைக்கு யாராவது இழுத்தால், "போய்ப் பொழப்பப் பாருங்கடா, கையாம் கை" என்று எரிந்து விழுந்தார். கை கட்டில் இருந்ததால் பேரம் இல்லை. பேரம் இல்லாததால் தாவணியில் மாடு இல்லை. வெறும் முளைக்குச்சிகள் வரிசையாக நின்றன.

"எனக்கு ஒரு சந்தேகம்" என்றாள் அவர் மனைவி பாவாயி, சோறு போட்டுக்கொண்டே. "மிதிச்ச காளை சந்தைக்குப் போறப்ப மட்டுந்தான் மிதிக்குமா? ஊட்டுல அந்தக் கையிலதான நல்லாப் பெசஞ்சு திங்கறீங்கொ."

"வாயை மூடு."

"நான் மூடிக்கறன். நீங்கதான் ஒருக்கா மூடுனதைத் திறக்க மாட்டாமக் கெடக்கறீங்கொ." அவள் குழம்பை நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அது கூழாகிற வரை பிசைந்தார், தின்னவில்லை.

கட்சிச் சண்டை முற்றி, ஒண்டிமுத்துவும் பொங்கியண்ணன் மருமகனும் சட்டையைக் கிழித்துக்கொண்ட பிறகு, இதை ஒரேயடியாகத் தீர்த்துவிடுவது என்று ஊர் கூடியது. கையிடம் எந்தக் காரியத்தைக் கேட்டால் மூன்றில் ஒரு கட்சிதான் ஜெயிக்க முடியும்? யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஊருக்கெல்லாம் நல்லதாக முடிந்த காரியம், ஆனால் துண்டுக்கடியில் சொன்ன பொய், அதைச் செய்தது நல்ல மனுசன். கை பிடித்தால் பொங்கியண்ணன் கட்சி. நழுவினால் ஒண்டிமுத்து கட்சி. வள்ளாத்தா மட்டும், "ஆளைப் பொறுத்து" என்று சொல்லி இரண்டு பக்கமும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

"அண்ணா, நீங்க வரணும்" என்று வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "நம்மூர் பண்ணுனதுலயே பெரிய காரியம் அது. கை என்ன சொல்லுதுன்னு பாத்துரலாம். பிடிக்கத்தான் போகுது, பயமென்ன?"

"பிடிக்காட்டி?"

 பிடிக்காவிட்டால் வளைவை என்ன செய்வது என்று அவர்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. சென்னியப்பன் திண்டாடினார். துரத்திவிடலாம், கெட்ட வார்த்தை கைவசம் நிறைய இருந்தது. ஆனால் நீட்டாத கையும் ஒரு பதில்தான் என்று அவருக்குத் தெரிந்தது, இத்தனை மாதமாக அந்தப் பதிலைத்தான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். துணியை அவிழ்த்தார். வெளுத்துப்போய், வெயில் படாத இடம் மாதிரி இருந்தது கை.

உச்சி வெயிலில், சந்தை நடுவில், சனங்கள் மாடுகளோடு வட்டமாகச் சூழ்ந்து நிற்க, ஒண்டிமுத்து எதிரே வந்து கையைக் கோத்தான். துண்டு விழுந்தது. பொங்கியண்ணன் கனைத்துக்கொண்டு, கோமாரி மாட்டின் கதையை, ஏதோ தலபுராணம் மாதிரி, ராகம் போட்டுச் சொல்லி முடித்தார்.

கை வந்தது.

சுக்குநாறிப் புல் வாசம் முகத்தில் அடித்தது. மேல்கணு இல்லாத விரல் அவர் மணிக்கட்டைத் தொட்டுத் தடவிக்கொண்டு வந்தது, இருட்டில் வீட்டுக் கதவைத் தேடுகிற மாதிரி. சென்னியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டார். பிடிக்கும் அல்லது நழுவும், இரண்டில் எதுவானாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றார். சொல்லப்போனால், நழுவட்டும் என்றுதான் நினைத்தார். திட்டு வாங்கினவனுக்கு ஒரு நிம்மதி உண்டே, அந்த நிம்மதிக்கு ஆசைப்பட்டார்.

கை பிடிக்கவும் இல்லை, நழுவவும் இல்லை. கட்டைவிரல் மடங்கி, அவர் உள்ளங்கையில், மெதுவாக, ஒரு தரம் கீறியது.

"என்னங்கண்ணா? என்ன பண்ணுது?" என்று கிசுகிசுத்தான் ஒண்டிமுத்து.

அவர் காதில் விழவில்லை. தீர்ப்புச் சொல்ல வந்த கை இல்லை இது. கேட்க வந்த கை. அன்றைக்குக் கேட்டதையே கேட்கிறது, அதே நம்பிக்கையோடு, சரியான பதில் வரும் என்று நினைத்துக்கொண்டு கேட்கிறது. கையை மூடிக்கொண்டால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். வளைவு நிற்கும். ஊருக்கு நல்லதுதானே என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அது அவருடைய பழைய குரல்தான், நல்ல பேரம் பேசுகிற குரல். எத்தனையோ வருசமாக அந்தக் குரலிடம்தான் அவர் தினமும் தோற்றுக்கொண்டிருந்தார்.

ஐந்து விரலையும் விரித்தார்.

விரித்த கையில் ஏதோ வந்து விழுந்தது. துண்டை உதறினார். கையில் ஒரு தாம்புக்கயிறு இருந்தது. கயிற்றின் மறுமுனையில் அந்தச் செவலைப் பசு நின்றது, அன்றைக்கு நின்ற அதே வயதில், கடைவாயில் எச்சில் நூலாக இறங்க, புண்பட்ட காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு.

வட்டம் சட்டென்று விரிந்தது. எல்லோரும் தங்கள் தங்கள் மாட்டைப் பின்னுக்கு இழுத்தார்கள். சந்தை நிறைய மாடு, பஞ்ச காலம், விற்றால் உண்டு இல்லையென்றால் இல்லை. பொங்கியண்ணன்தான் முதலில் சுதாரித்தார். கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, "சென்னி" என்றார். "டாக்டரு வர்ற நேரம். எப்பிடியாச்சும் ஓட்டி உட்டுரு. மலைப் பக்கமா."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அந்த வார்த்தை கேட்டது. 

சென்னியப்பன் பசுவைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கூட்டம் வழி விட்டது. வேலிச் சந்துக்குப் போகவில்லை. நேராக வாசலுக்குப் போய், தனக்காக எழுப்பிய வளைவின் தூணில், வருகிற போகிற எல்லோர் கண்ணிலும் படும்படி பசுவைக் கட்டினார். பிறகு, அந்தச் சந்தை அதுவரை கேட்டிராத சத்தத்தில் கத்தினார்.

"கோமாரி! சந்தை இல்ல! மாட்டத் தொடாம அவனவன் ஊட்டுக்குப் போங்கடா!"

அதனால் என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். சந்தைக்குப் பூட்டு விழுந்தது. நிறையப் பேர் விற்க முடியாமல் திரும்பினார்கள், சிலருடைய மாடு தீவனமில்லாமல் செத்தது, அவருடைய பங்காளி வீட்டு மாடும் அதில் ஒன்று. வாசலில் வந்து மண்ணைத் தூற்றினார்கள். பதிலுக்கு அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டத் தெரியாமல் போனதுதான் அவருக்கே ஆச்சரியம். அன்றைக்குச் செய்தது தப்பு என்றால் இன்றைக்குச் செய்தது சரியா என்று பெஞ்சிகள் புதிதாகச் சண்டையைத் தொடங்கின. கை அதற்குப் பிறகு வரவில்லை, அதனால் சண்டை இன்னும் முடியவில்லை.

பசுவுக்குப் பாவாயி வேப்பெண்ணெய் தடவினாள். மழை இறங்கி, புண் ஆறி, டாக்டர் பார்த்துச் சரியென்று சொன்ன பிறகு, சென்னியப்பன் அதைப் பிடித்துக்கொண்டு மலை ஏறினார். கல்லாங்காட்டுத் தொட்டியில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. ஆட்டுப் பட்டிக்கு முள்வேலி கட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் வெள்ளிங்கிரி வீடு எது என்று கேட்டார். அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், பசுவைப் பார்த்தாள். பசுவைத்தான் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதானுங்க" என்றாள். "நான் அவிய ஊட்டுக்காரி. ராமாயி."

அவர் கயிற்றை நீட்டினார். வழியெல்லாம் யோசித்து வைத்த பேச்சு ஒன்று இருந்தது, வாயில் வரவில்லை. ஊரையே பேசி விற்ற வாய்.

ராமாயி கயிற்றை வாங்கவில்லை. முள்ளில் கீறிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"குறை ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்றாள்.

"இருக்குதும்மா" என்றார் சென்னியப்பன். "மாட்டுல இல்ல."

அவள் உள்ளே போய்க் குண்டாவில் தண்ணி கொண்டுவந்து பசுவுக்கு முன்னால் வைத்தாள். பசு குனிந்து, மூச்சுவிடாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தது. சென்னியப்பன் நீட்டின கையை இன்னும் மடக்காமல், கயிற்றோடு, அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.